உடற்குழி நீரில் நற்கலமும் புற்றுக்கலமும்

கயிற்றைப் பாம்பெனக் காண்பது திரிபு. கயிறோ பாம்போ எனத் தடுமாறுவது ஐயம். இவ்விரண்டும் நீங்கப் பொருளை உள்ளவாறு உணர்வதே அறிவு என்பது நம் தருக்க நூலார் கண்ட முடிபு. மங்கிய ஒளியிற் கிடந்த கயிற்றைப் பாம்பென எண்ணியவன் சிறிது நேரம் அஞ்சுவான். விளக்கு வந்ததும் அச்சம் அகன்றுவிடும். ஆயின், ஒரு மனிதரின் நெஞ்சிலிருந்து எடுக்கப்பட்ட நீரில் மிதக்கும் நற்கலத்தைப் புற்றுக்கலம் என்று ஒருவர் எழுதிவிடின், அல்லது புற்றுக்கலத்தை நற்கலம் என்று எழுதிவிடின், அத்திரிபின் விளைவு ஓர் உயிரைப் பற்றியதாகின்றது. நோயியலார் தம் தொழிலிற் சந்திக்கும் கடினமான வினாக்களுள் இஃது ஒன்று. அவ்வினா எவ்வாறு எழுகின்றது, அதற்கு விடை எவ்வழிகளாற் காணப்படுகின்றது, விடை காண இயலாதவிடத்து யாது செய்தல் தகும் என்பவற்றை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

உடற்குழிகளும் அவற்றின் உறையும்

மனித உடம்பினுள் மெல்லிய சவ்வினால் உறையிடப்பட்ட பெருங்குழிகள் உள. சுவாசப்பைகளைச் சூழ்ந்த நெஞ்சுக்குழி, இருதயத்தைச் சூழ்ந்த குழி, குடல் ஈரல் முதலிய உறுப்புக்களைச் சூழ்ந்த வயிற்றுக்குழி என அவை மூவகைப்படும். இக்குழிகளின் சுவரையும் அவற்றினுள் இருக்கும் உறுப்புக்களின் புறப்பரப்பையும் ஒரே கலத்தளவு தடிப்புள்ள படை ஒன்று மூடியுள்ளது. கருவின் நடுப்படையிலிருந்து தோன்றும் இப்படைக்கு 1890ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்க உயிரியலறிஞர் சாள்ஸ் செட்ஜ்விக் மைனட் என்பார் மீசோதீலியம் எனப் பெயரிட்டார். அதனைத் தமிழில் இடைமேலணி எனலாம்.

நலமுள்ள ஒருவரின் உடம்பில் இடைமேலணிக் கலங்கள் தரையிற் பதித்த ஓடுகளைப் போலத் தட்டையாகவும் ஒன்றோடொன்று நெருங்கியும் கிடக்கும். அவற்றின் மேற்பரப்பில் மிக நுண்ணிய, நீண்ட முளைகள் எண்ணிலவாக உள. சுவாசப்பை விரிந்து சுருங்கும்போதும், இருதயம் துடிக்கும்போதும், குடல் நெளியும்போதும் உராய்வு நேராதவாறு வழுவழுப்பை அளிப்பது இப்படையின் தொழில். அதற்கு வேண்டிய நீரோ மிகச் சிறிதே. நெஞ்சுக்குழியின் இருபுறத்தையும் சேர்த்து நோக்கினும் ஏறத்தாழ ஒரு மேசைக்கரண்டி நீர்தான் இருக்கும். அந்நீரில் இடைமேலணிக் கலங்கள் மிக அருமையாகவே காணப்படும். விழுங்கு கலங்களும் நிணநீர்க் கலங்களுமே பெரும்பாலும் மிதக்கும்.

நோயுற்ற நிலையில் இக்குழிகளில் நீர் பெருகுகின்றது. சிலருக்கு ஒரு லீற்றர், இரண்டு லீற்றர் எனத் தேங்கிச் சுவாசப்பையை அமுக்குகின்றது. வைத்தியர் ஊசியைச் செலுத்தி அந்நீரை இறக்கும்போது நோயாளிக்கு மூச்சு எளிதாகின்றது. அதே வேளையில், அந்நீர் நோயின் காரணத்தைச் சொல்லவல்ல ஒரு சான்றாகவும் ஆகின்றது.

நீர் தேங்குதற்குரிய காரணங்கள்

நீர் தேங்குதல் இருவகைப்படும். இருதயம் தளர்ந்தபோதும், ஈரல் சுருங்கிக் கெட்டபோதும், சிறுநீரகத்தின் வழியே புரதம் பெருமளவில் இழக்கப்படும்போதும் இரத்தக் குழாய்களின் அமுக்கச் சமநிலை குலைந்து நீர் வெளியே கசிகின்றது. இவ்வகையிற் சவ்வு பெரும்பாலும் குற்றமற்றது. கசிந்த நீரில் புரதமும் குறைவு. மற்றைய வகையில் சவ்வே நோயுறுகின்றது. காசநோய், சுவாசப்பை அழற்சி, புற்றுநோய் முதலியவை இதற்குக் காரணமாவன. இங்கே நீரில் புரதம் மிகுந்திருக்கும்.

இவ்விருவகையையும் பிரித்தறிதற்கு ரிச்சாட் லைட் என்னும் வைத்தியரும் அவர் துணைவரும் 1972ஆம் ஆண்டில் வகுத்த அளவுகோல் இன்றும் வழங்குகின்றது. நீரிலுள்ள புரதம் குருதிநீரிலுள்ள புரதத்தின் பாதிக்கு மேற்படின் சவ்வு நோயுற்றது எனக் கொள்ளல் அவர் வகுத்த விதிகளுள் ஒன்று. ஆயினும், இரசாயனம் இவ்வளவில் நின்றுவிடுகின்றது. சவ்வு நோயுற்றது என்று அது சொல்லும். அந்நோய் புற்றா அன்றா என்று சொல்லாது. அதனைச் சொல்லவேண்டியவை நீரில் உதிர்ந்த கலங்களே.

நற்கலம் புற்றுக்கலம் போலத் தோன்றுதல்

இடர்ப்பாடு இங்கேதான் தொடங்குகின்றது. இடைமேலணிக் கலம் அமைதியாக இருக்கும்வரை அதனை இனங்காணல் எளிது. அதற்கு ஊறு நேர்ந்தவுடன் அதன் இயல்பே மாறிவிடுகின்றது. தட்டையாகக் கிடந்த கலம் உருண்டு திரள்கின்றது. தன் இடத்தை விட்டு நீரில் உதிர்கின்றது. உதிர்ந்த இடத்தை நிரப்புதற்காக எஞ்சிய கலங்கள் விரைந்து பிரிகின்றன. காயமுற்ற தோல் புதுத்தோல் வளர்ப்பதை ஒத்த செயல் இது. இதிற் கேடு ஒன்றும் இல்லை. பழுதைச் சீர்செய்யும் உடம்பின் முயற்சியே இஃது.

ஆயின், நுணுக்குக்காட்டியின் கீழ் இம்முயற்சி அச்சந்தரும் தோற்றத்தைக் காட்டும். கலத்தின் கரு பருத்திருக்கும். கருவினுள் இருக்கும் புன்கரு தெளிவாகத் துருத்தி நிற்கும். ஒரே கலத்தில் இரண்டு, மூன்று, சிலவேளை அவற்றினும் மிகுதியான கருக்கள் காணப்படும். பிரிந்துகொண்டிருக்கும் கலங்களும் ஆங்காங்கே தென்படும். கலங்கள் கூடிச் சிறு கொத்துக்களாகவும் மிதக்கும். பருத்த கரு, துருத்திய புன்கரு, விரைந்த பிரிவு என்பன புற்றுநோயின் அடையாளங்கள் என்றே மாணவர் முதற்கண் கற்கின்றனர். அவ்வடையாளங்கள் அத்தனையையும் புற்றில்லாத ஒரு கலம் காட்டவல்லது என்பதே இத்துறையில் அவர் கற்கவேண்டிய அடுத்த பாடமாகும்.

ஈரல் சுருக்கம், சுவாசப்பையின் இரத்தக் குழாயில் அடைப்பு, சதையி அழற்சி, நெடுநாட் சிறுநீரக நோய், நெஞ்சிற் கதிர்ச் சிகிச்சை ஆகியவற்றால் வருந்துவோரின் உடற்குழி நீரில் இத்தகைய கிளர்ச்சியுற்ற கலங்கள் மிகுதியாகத் தோன்றுவதுண்டு. ஆகவே, நோயாளியின் வரலாற்றை அறியாது கலத்தின் முகத்தை மட்டும் நோக்கித் தீர்ப்புக் கூறுவோர் எளிதில் திரிபறிவு எய்துவர்.

இரண்டு வேறு வினாக்கள்

நீரை ஆராய்வோர் முன்னே உண்மையில் இரண்டு வினாக்கள் உள. இக்குழிக்கு உரியதல்லாத அந்நியக் கலம் ஏதும் இந்நீரில் உண்டா என்பது முதல் வினா. சுவாசப்பை, மார்பகம், சூலகம், இரைப்பை ஆகியவற்றில் எழுந்த புற்று பரவி வந்து இக்குழிகளிற் குடியேறுதல் பெரும்பான்மை வழக்கு. அத்தகைய நீரில் இருவகைக் குடிகள் தோன்றும். உடம்பின் இடைமேலணிக் கலங்கள் ஒருபுறமும், அவற்றோடு சாயல் ஒவ்வாத அந்நியக் கலங்கள் மற்றொருபுறமும் நிற்கும். ஊரார் நடுவே வேற்றூரார் நிற்பதை ஒப்ப, பழகிய கண்ணுக்கு வேறுபாடு பெரும்பாலும் புலப்பட்டுவிடும்.

இரண்டாவது வினா கடிது. அந்நியர் எவரும் இல்லை. நீரில் உள்ளவை யாவும் இடைமேலணிக் கலங்களே. ஆயின், அவை கிளர்ச்சியுற்ற நற்கலங்களா, அல்லது அவையே புற்றாக மாறிவிட்டனவா? இடைமேலணியிலேயே தோன்றும் அப்புற்றுக்கு மீசோதீலியோமா என்பது பெயர். இங்கே இருவகைக் குடிகளை ஒப்பிட்டு நோக்கும் வாய்ப்பு இல்லை. காண்பவை யாவும் ஒரே குடும்பத்துச் சாயல் உடையன. குடும்பத்தில் ஒருவன் நெறிதவறினான் என்பதை அவன் முகத்தை மட்டும் பார்த்து அறிதல் எத்துணை அரிதோ அத்துணை அரிது இது.

கல்நாரும் இடைமேலணிப் புற்றும்

இப்புற்று அருமையாக வருவது. ஆயினும், அதன் காரணம் தெளிவாக அறியப்பட்டுள்ளது. தென்னாபிரிக்காவின் வடமேற்குக் கேப் பகுதியில் நீலக் கல்நார் வெட்டும் சுரங்கங்கள் இருந்தன. அப்பகுதிக்கு அண்மையிலுள்ள கிம்பளி நகரில் சிலீக்ஸ் என்னும் காசநோய் வைத்தியர் பணியாற்றினார். நெஞ்சில் நீர் தேங்கிக் காசநோயாளர் எனக் கருதப்பட்ட சிலர் காசநோய் மருந்துக்கு இணங்காது நலிந்ததை அவர் கவனித்தார். நோயியலறிஞர் வாக்னர், சிலீக்ஸ், சத்திர வைத்தியர் மார்ச்சண்ட் ஆகிய மூவரும் 1960ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் இத்தகைய புற்றுடையோர் 33 பேரைப் பற்றிக் கூறினர். அவருள் ஒருவர் ஒழிந்த ஏனையோர் அனைவரும் கல்நார்த் தூசுக்கு ஆட்பட்டிருக்கக் கூடியவர் எனக் கண்டனர். அவர் எல்லாரும் சுரங்கத் தொழிலாளர் அல்லர் என்பது நினைக்கத்தக்கது. சுரங்கத்தின் அருகே பிள்ளைப் பருவத்தைக் கழித்தமை ஒன்றே சிலருக்குக் காரணமாயிற்று.

மேற்கு அவுஸ்திரேலியாவில் விட்டனூம் என்னும் ஊரிலும் நீலக் கல்நார் வெட்டப்பட்டது. அச்சுரங்கம் 1966ஆம் ஆண்டில் மூடப்பட்டது. ஆயின், அங்கே தூசைச் சுவாசித்தோர் அதற்குப் பின்னும் பல பத்தாண்டுகளாக இந்நோயால் இறந்தனர். துருக்கியின் கப்பதோக்கியாப் பகுதியிலுள்ள கராயின், துஸ்கோய் முதலிய சிற்றூர்களில் கல்நாரை ஒத்த நாருருவுள்ள எரியொனைற்று என்னும் கனிப்பொருள் இதே புற்றை விளைத்தமை 1970களில் அறியப்பட்டது.

நார் உடம்பினுட் புகுந்ததற்கும் புற்று வெளிப்படுவதற்கும் இடையே பொதுவாக இருபது தொடக்கம் ஐம்பது ஆண்டுகள் வரை கழியும். இளமையிற் செய்த வேலையை நோயாளியே மறந்திருக்கக்கூடும். கப்பல் கட்டும் துறை, வெப்பங்காப்பு வேலை, பழைய கட்டிடங்களை இடித்தல் ஆகியவற்றில் ஈடுபட்டோரும், அவரது தூசுபடிந்த ஆடைகளைத் துவைத்த மனைவியரும் இந்நோய்க்கு ஆளானதுண்டு. இங்கிலாந்தில் நீலக் கல்நாரும் பழுப்புக் கல்நாரும் 1985ஆம் ஆண்டிலும், வெண் கல்நார் 1999ஆம் ஆண்டிலும் தடைசெய்யப்பட்டன. இலங்கையிலோ வெண் கல்நாரைச் சீமெந்துடன் கலந்து செய்த கூரைத்தகடுகள் எங்கும் பரந்துள்ளன. முழுமையாகக் கிடக்கும் தகட்டில் நார்கள் சீமெந்தாற் கட்டுண்டு இருக்கும். தகட்டை அறுக்கும்போதும், துளைக்கும்போதும், உடைக்கும்போதும் அவை தூசாக எழும். எவ்வகைக் கல்நாரும் புற்றை விளைக்கவல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் முடிபு. ஆதலின், அவ்வேலை செய்வோர் தகட்டை நனைத்துக்கொண்டும், தூசு புகாதவாறு தக்க மூக்குறை அணிந்துகொண்டும், மின்னறுப்பானைத் தவிர்த்தும் செய்தல் நன்று.

நீரை ஆயத்தஞ் செய்தல்

நல்ல தீர்ப்புக்கு நல்ல சான்று வேண்டும். ஆராய்ச்சிக்கு 50 மில்லிலீற்றருக்குக் குறையாத நீரை அனுப்புதல் சிறந்தது எனக் கூறுவர். சில துளிகளை அனுப்பிவிட்டுப் புற்று இல்லை என்ற விடையைப் பெற்று ஆறுதலடைதல் பொருந்தாது. நீர் நெடுநேரம் வெளியிற் கிடப்பின் கலங்கள் சிதையும். ஆதலின் உடனே அனுப்புதல் வேண்டும், இயலாவிடிற் குளிரூட்டியில் வைத்தல் வேண்டும்.

ஆய்வுகூடத்தில் அந்நீர் மையநீக்கப் பொறியிற் சுழற்றப்படுகின்றது. பாரமான கலங்கள் அடியிற் படிகின்றன. அப்படிவின் ஒரு பகுதி கண்ணாடித் தகட்டிற் பூசப்பட்டுச் சாயமூட்டப்படுகின்றது. கிரேக்க நாட்டிற் பிறந்து ஐக்கிய அமெரிக்காவிற் பணிபுரிந்த ஜோர்ஜ் பப்பனிக்கொலா என்பாரின் பெயரால் வழங்கும் சாயம் கருவின் நுட்பங்களைத் தெளிவாகக் காட்டும். உலரவிட்ட பூச்சுக்கு ஊட்டப்படும் கீம்சா வகைச் சாயம் குழியவுருவின் இயல்பைக் காட்டும். படிவின் எஞ்சிய பகுதியை உறையச் செய்து, மெழுகிற் பதித்து, இழையத்தைச் சீவுவது போலவே மெல்லிய சீவல்களாகச் சீவுவர். பின்னர்க் கூறப்படும் புரதப் பரிசோதனைகளுக்கு இச்சீவல்கள் பெரிதும் பயன்படுகின்றன.

கண்ணாற் காண்பனவும் அவற்றின் எல்லையும்

இடைமேலணிக் கலத்தின் குடும்பச் சாயல் சில உள. குழியவுரு நடுவே அடர்ந்தும் ஓரத்தில் வெளிறியும் இரு வலயமாகத் தோன்றும். இரு கலங்கள் அடுத்தடுத்து நிற்கும்போது அவற்றிடையே சாளரம் போன்ற ஒரு வெளிச்சக் கீற்றுக் காணப்படும். மேற்பரப்பிலுள்ள நுண்முளைகள் இரு கலங்களும் முற்றாக ஒட்டாதவாறு தடுப்பதே இதற்குக் காரணம். இச்சாயல்கள் நற்கலத்துக்கும் இடைமேலணிப் புற்றுக்கும் பொதுவானவை. ஆகவே, இவை கலத்தின் குலத்தைக் கூறுமேயன்றிக் குணத்தைக் கூறா.

குணத்தை உய்த்துணரத் துணைசெய்யும் குறிகள் வேறு. நீரில் இடைமேலணிக் கலங்கள் அளவுக்கு மீறி மலிந்திருத்தல், நூற்றுக்கணக்கான கலங்கள் சேர்ந்த பெருங் கொத்துக்கள் முந்திரிக் குலை போலப் புடைத்த விளிம்புடன் மிதத்தல், கலங்கள் வழக்கத்தினும் மிகப் பருத்திருத்தல், புன்கரு மிகப் பெரிதாதல், ஒரு கலம் மற்றொன்றை அணைத்து விழுங்கினாற்போல் இருத்தல் ஆகியவை ஒருங்கே காணப்படின் புற்று என்னும் ஐயம் வலுப்பெறும். நீர் தேன்போற் பிசுபிசுப்பாக இருத்தலும் ஒரு குறி. ஐயலூரோனிக்கமிலம் என்னும் பொருளை இப்புற்றுக்கலங்கள் மிகுதியாகச் சுரத்தலே அதற்குக் காரணம். ஒருமுறை இறக்கிய நீர் காரணம் புலப்படாது மீண்டும் மீண்டும் தேங்குதலும் கவனிக்கத்தக்கது.

எனினும், இவற்றுள் எந்த ஒரு குறியும் தனித்து நின்று முடிபு தரவல்லது அன்று. ஒவ்வொன்றும் சிற்றளவிலேனும் நற்கலத்திலும் தோன்றும். இழையத் துண்டை ஆராய்வோர்க்கு உள்ள ஒரு பெருந்துணை நீரை ஆராய்வோர்க்கு இல்லை. புற்று தன் எல்லையைக் கடந்து கீழுள்ள கொழுப்பையும் தசையையும் ஊடுருவும். இழையத் துண்டில் அவ்வூடுருவலைக் கண்ணாற் கண்டு புற்று எனத் துணியலாம். நீரிலோ கலங்கள் தம் இடத்தை விட்டு உதிர்ந்துவிட்டன. எல்லையைக் கடந்தனவா என்பதைக் காட்டுதற்கு எல்லையே அங்கு இல்லை. வேலியைத் தாண்டியவனையும் தாண்டாதவனையும் வேலியில்லாத வெளியிற் கண்டு பிரித்தறிதல் போன்றது இது. நீராய்வினால் இப்புற்றைக் கண்டறியும் விகிதம் நிலையத்துக்கு நிலையம் பெரிதும் வேறுபட்டு, ஏறத்தாழ 30 தொடக்கம் 75 நூற்றுவீதம் வரை கூறப்படுவதற்கு இவ்விடர்ப்பாடே முதற் காரணம். கதிருருக் கலங்களாலான ஒருவகை இடைமேலணிப் புற்று நீரிற் கலங்களை மிக அருமையாகவே உதிர்க்கும் என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

புரதங்கள் கூறும் சான்று

அண்மைக் காலத்தில் இவ்வினாவுக்குப் புதிய விளக்கொன்று கிடைத்துள்ளது. குறித்த ஒரு புரதத்தோடு மட்டும் பிணையும் பிறபொருளெதிரியைச் சீவலில் இட்டு, அது பிணைந்த இடம் நிறம் பெறுமாறு செய்யின், அப்புரதம் கலத்தில் உண்டா இல்லையா என்பது தெரியவரும். இப்பரிசோதனை இருபடியாக நடைபெறும்.

முதற்படி குலத்தை அறிதல். கல்ரெற்றினின் முதலிய புரதங்கள் இடைமேலணிக் கலங்களிற் காணப்படும். கிளோடின் 4 முதலியவை பரவிவந்த சுரப்பிப் புற்றுக்களிற் காணப்படும். ஒன்றை மட்டும் நம்பாது இருபக்கத்துச் சான்றையும் சேர்த்து நோக்குதல் மரபு. இதனால் முன்னர்க் கூறிய முதல் வினா பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

இரண்டாம்படி குணத்தை அறிதல். நற்கலத்தின் கருவினுள் பீ.ஏ.பி. 1 என்னும் புரதம் உண்டு. கலம் கட்டின்றிப் பெருகாதவாறு காக்கும் காவலருள் அஃதும் ஒன்று. இடைமேலணிப் புற்றில் இதனை ஆக்கும் பரம்பரையலகு பலவேளைகளிற் பழுதடைகின்றது என்பது 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வுகளால் தெளிவாயிற்று. பழுதடைந்தவிடத்துக் கருவில் அப்புரதம் இராது. கரு நிறம்பெறாது வெளிறிக் கிடக்கும். கிளர்ச்சியுற்ற நற்கலம் எத்துணை அச்சந்தரும் முகத்தைக் காட்டினும் இக்காவலனை இழப்பதில்லை. ஆதலின், இடைமேலணிக் குலத்தது என உறுதிசெய்யப்பட்ட கலத்தில் இப்புரதம் இல்லாமை புற்றுக்கு மிக வலிய சான்றாகும். அதே சீவலிலுள்ள நிணநீர்க் கலங்கள் நிறம்பெற்றிருத்தலையும் ஆய்வாளர் நோக்குவர். அவையும் வெளிறியிருப்பின் பரிசோதனையே பிழைத்தது என்பது பொருள்.

மற்றொரு காவலன் பீ. 16 என்னும் புரதம். அதனை ஆக்கும் பரம்பரையலகு ஒன்பதாம் நிறமூர்த்தத்தில் உள்ளது. இப்புற்றில் அப்பகுதி சோடியான இரு நிறமூர்த்தங்களிலும் முற்றாக அற்றுப்போதல் உண்டு; அவ்விழப்பை ஒளிரும் சாயத்தாற் காணலாம். அதன் அயலிலே எம்.ரீ.ஏ.பி. என்னும் நொதியத்தை ஆக்கும் பரம்பரையலகு இருக்கின்றது. ஆற்றங்கரை இடிந்து ஒரு வீடு விழும்போது அடுத்த வீடும் உடன்விழுதல் போல, அதுவும் பலவேளைகளிற் சேர்ந்தே அற்றுப்போகும். ஆதலின், எளிதிற் செய்யக்கூடிய எம்.ரீ.ஏ.பி. பரிசோதனை முன்னதன் இழப்பை உணர்த்தும் குறியாகவும் வழங்குகின்றது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. புகை கண்டவிடத்து நெருப்பு உண்டெனத் துணியலாம். புகை இல்லாவிடத்து நெருப்பு இல்லையெனத் துணியலாகாது. பழுக்கக் காய்ச்சிய இரும்புருண்டையில் நெருப்பு உண்டு, புகை இல்லை என்பது தருக்க நூலார் காட்டும் உதாரணம். இப்பரிசோதனைகளின் தன்மையும் இதுவே. காவற் புரதம் இல்லையெனிற் புற்று எனலாம். காவற் புரதம் உண்டு என்பதனாற் புற்று இல்லை எனல் ஆகாது. ஏனெனில், அக்காவலனை இழவாமலே வேறு வழியாற் புற்றான கலங்களும் உள. இவ்வேறுபாட்டை உணராது, பரிசோதனையிற் குறை காணப்படவில்லை என்ற விடையைப் பெற்றவுடன் நோயாளியை வீட்டுக்கு அனுப்புதல் பெரும்பிழையாகும்.

ஐயத்தை ஐயமென்றே எழுதுதல்

இவ்வளவு செய்தும் முடிபு கிட்டாத நீர்களும் உள. அவற்றை எவ்வாறு எழுதுவது என்பதில் நெடுங்காலம் ஒழுங்கு இருக்கவில்லை. ஒருவர் எழுதிய சொல்லை மற்றவர் வேறு பொருளிற் கொண்டனர். இக்குறையைத் தீர்க்கும்பொருட்டு உடற்குழி நீராய்வுக்கான சருவதேச முறையொன்று 2020ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அது விடைகளை ஐந்து வகுப்பாகப் பிரிக்கின்றது. சான்று போதாது என்பது முதலாவது. புற்று இல்லை என்பது இரண்டாவது. பொருள் துணியப்படாத மாறுதல் உண்டு என்பது மூன்றாவது. புற்று என ஐயுறத்தக்கது என்பது நான்காவது. புற்று என்பது ஐந்தாவது.

இடையிலுள்ள இரு வகுப்புக்களும் அறியாமையை மறைக்கும் திரைகள் அல்ல. இன்னும் நீர் வேண்டும், அல்லது நெஞ்சினுட் குழாய் செலுத்திச் சவ்விலிருந்து ஒரு துண்டு எடுத்தல் வேண்டும் என வைத்தியருக்கு வழிகாட்டும் கைகாட்டிகள் அவை. ஆயினும், துணியக்கூடிய இடத்தும் துணியாது அவ்வகுப்பினுள் ஒதுங்கிக்கொள்ளுதல் கடமையிலிருந்து நழுவுதலாகும். துணியக்கூடியதைத் துணிதலும், துணியக்கூடாததைத் துணியாமையும் ஒருங்கே வேண்டப்படுவன.

இருவகைப் பிழையும் கொடியவை. ஈரல் நோயால் வயிற்றில் நீர் தேங்கிய ஒருவரை அல்லது சுவாசப்பையில் இரத்தக்குழாய் அடைபட்ட ஒருவரைப் புற்றுடையார் என்று எழுதிவிடின், அவருக்கு வேண்டிய சிகிச்சை பிந்துகின்றது. வேண்டாத நச்சு மருந்து உடம்பிற் புகுகின்றது. குடும்பம் முழுவதும் துயரிலாழ்கின்றது. மறுதலையாக, புற்றுடையார் ஒருவரைப் புற்றில்லாதவர் என்று எழுதிவிடின், அரிய மாதங்கள் வீணாகின்றன. இப்புற்றில் மாதங்களின் அருமை பெரிது. சிஸ்பிளாற்றின் என்னும் மருந்தோடு பெமெற்றெக்செட் என்னும் மருந்தைச் சேர்த்தளித்தபோது, சராசரி நோயாளியின் வாழ்நாள் ஏறத்தாழ 9 மாதத்திலிருந்து 12 மாதமாக நீண்டது என 2003ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. உடம்பின் எதிர்ப்புச் சத்தியைத் தூண்டும் இரு மருந்துகளைச் சேர்த்து அளித்தபோது அது ஏறத்தாழ 18 மாதமாயிற்று எனவும், பழைய முறையிற் சிகிச்சை பெற்றோருக்கு 14 மாதமே ஆயிற்று எனவும் 2021ஆம் ஆண்டில் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. நோய் முற்றாக நீங்குதல் இன்னும் அரிதே. ஆயினும், கிடைக்கும் அச்சில மாதங்களை நோயாளி பெறுதற்கு அவர் நோயின் பெயர் பிழையின்றி அறியப்படல் வேண்டும்.

முடிவுரை

ஆராய்ந்து நோக்குமிடத்து, இத்துறையில் அறிவு மூன்று வாயில்களால் வருதல் புலனாகும். நுணுக்குக்காட்டியிற் கலத்தைக் காண்பது காட்சி. இழந்த புரதத்தைக் கொண்டு புற்றை உய்த்துணர்வது கருதல். நோயாளி செய்த தொழில், வாழ்ந்த ஊர், அவருக்கு முன்னிருந்த நோய்கள், மார்புப் படத்தின் செய்தி ஆகியவற்றைப் பிறர்வாயாற் கேட்டறிவது உரை. கண்ணை மட்டும் நம்பியவர் கிளர்ச்சியுற்ற நற்கலத்தாற் பல காலம் ஏமாற்றப்பட்டனர். பரிசோதனையை மட்டும் நம்புவோர் புகையில்லா நெருப்பால் ஏமாற்றப்படுவர். வரலாற்றை மட்டும் நம்புவோர் கல்நார்த் தொழிலாளி ஒருவருக்குக் காசநோயும் வரக்கூடும் என்பதை மறந்துவிடுவர். மூன்றும் ஒன்றையொன்று தாங்கி ஒரே முடிபைக் காட்டும்போதே அம்முடிபு உறுதிபெறுகின்றது. அவை முரணுமிடத்து மீண்டும் ஆராய்தலே முறை.

விஞ்ஞானங் கற்கும் மாணவர் ஐயத்தைக் குறைபாடாக எண்ணி நாணுதல் இயல்பு. பரீட்சைத் தாளில் விடையைத் துணிந்து எழுதியவருக்கே புள்ளி கிடைக்கின்றது. ஆயின், நுணுக்குக்காட்டியின் முன்னமர்ந்தவர் எழுதும் ஒரு வரியை எங்கோ ஒரு வைத்தியசாலைக் கட்டிலிற் கிடக்கும் மனிதர் காத்திருக்கின்றார். அவரை ஆய்வாளர் ஒருபோதும் கண்டிரார். அவர் உடம்பின் சிறிதளவு நீரையே கண்டிருப்பார். அந்நீர் சொல்லாத ஒன்றைச் சொல்லியதாக எழுதாமையும், அது சொல்லியதைத் தெளிவாக எழுதுதலும் ஆகிய இவ்விரண்டுமே அம்மனிதருக்கு அவர் செய்யக்கூடிய உதவியாகும்.